வீடு, மனை விற்க விளம்பரம் கொடுப்போர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் என் அக்கா தன் மனையை விற்க இணையத்தில் விளம்பரம் கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்குள் ஒருவர் அழைத்தார். ராணுவத்தில் இருக்கிறாராம், மனையைப் பார்க்கத் தேவையில்லையாம், பேரமும் பேசவில்லை. எல்லைக் கல்லைக்கூடப் பார்க்காமல் யாராவது நிலம் வாங்குவார்களா? "முன்பணம் 50,000 ரூபாய் அனுப்புகிறேன். இந்த கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்றார். அக்கா மூன்று எண்களைப் போட்டுவிட்டார். நான் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். திரையில் 'பணம் செலுத்து' என்று இருந்தது.

தயவுசெய்து நினைவில் வையுங்கள்: பணம் நமக்கு வருவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. கேட்டால் உடனே அழைப்பைத் துண்டியுங்கள்.

நேரில் வராதவருக்குப் பத்திர நகலையோ ஆதார் படத்தையோ வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் அவர்களே பார்த்துக்கொள்ளலாம். மூலப்பத்திரத்தை யாரிடமும் கொடுத்து வைக்க வேண்டாம்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். சந்தேகமான அழைப்பு வந்தால், எந்த நேரமானாலும் இந்தக் குழுவில் கேளுங்கள்.