கம்பளி அங்கியைக் காத்துக் கொடுத்தவர்களுக்கு

இத்தாலியின் பிராத்தோ நகரத்து அன்பார்ந்த அயலவர்களுக்கும் நண்பர்களுக்கும்,

நவம்பர் வெள்ளத்தைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. உங்களில் பலர் என்னைவிட அதிகம் இழந்திருக்கிறீர்கள். அப்படியிருந்தும், பதினான்காம் நூற்றாண்டுப் பாணியில் நான் பாதி தைத்திருந்த ஒரு கம்பளி அங்கிக்காக நீங்கள் தந்த நேரம் சொந்த வீட்டுச் சேற்றை அள்ளுவதை நிறுத்திவிட்டுத் தந்த நேரம் என்பதால், இந்த நன்றியைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

தரைத்தளத்துச் சாமான்களை மாடிக்குச் சுமந்த இளைஞர்களுக்கும், புதிதாக லினன் நூலும் தேன்மெழுகும் கொடுத்தனுப்பிய தையல் தோழியருக்கும், எங்களுக்கும் சேர்த்துச் சமைத்த எதிர்வீட்டாருக்கும் என் மனமார்ந்த நன்றி.

மேல்மாடியில் குடியிருக்கும் அம்மையாரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். அவர் இவ்வூர்க் கம்பளி ஆலைகளில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். தறியிலிருந்து இறங்கிய துணியை வெளிச்சத்தில் விரித்து, அறுந்த பாவு நூலையும் (நீள இழை) விடுபட்ட ஊடை நூலையும் (குறுக்கு இழை) தேடிப் பிடித்து, ஊசியாலேயே மறுபடி நெய்து சேர்ப்பது அவருடைய வேலை. சேறு ஊறிக் கனத்துக் கிடந்த அங்கியைச் சூடேற்றிக்குப் பக்கத்தில் தொங்கவிடலாம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, படியிறங்கி வந்த அவர், “பிழியாதே மகளே, சூடும் காட்டாதே” என்றார். ஈரக் கம்பளியில் சூடும் உராய்வும் சேர்ந்தால் இழைகளின் நுண்செதில்கள் ஒன்றோடொன்று பின்னித் துணி சுருங்கிவிடும். பிசென்சியோ ஆற்று நீரால் இயங்கிய இடைக்காலச் சம்மட்டி ஆலைகள், துணியைக் கெட்டிப்படுத்துவதற்காக இதையேதான் வேண்டுமென்று செய்தன. ஆனால் உடலளவுக்கு வெட்டித் தைத்துவிட்ட அங்கிக்கு அது முடிவாகிவிடும்.

குளிர்ந்த நீரை மாற்றி மாற்றி ஊற்றி, தேய்க்காமலே சேற்றைக் கழுவினார். துவாலைகளில் சுருட்டி ஈரத்தை எடுத்தபின், மேசைமேல் பரப்பி உலரவிட்டார். தொங்கவிட்டால் நீரின் பாரத்தில் பாவாடைப் பகுதியின் முக்கோணத் துண்டுகள் இழுபட்டுத் தொய்ந்துவிடும் என்றார். பிறகு முதுகுப் பக்கத்துக் கிழிசலைக் கையில் எடுத்தார். வேறு நூலைத் தொடவே இல்லை. தையலின் உள்விளிம்பிலிருந்து அதே துணியின் இழைகளை ஒவ்வொன்றாக உருவி, மேலும் கீழுமாக ஓட்டி, கிழிந்த இடத்தை நெய்தே மூடினார். இப்போது விரலால் தடவினால்தான் அந்த இடம் தெரிகிறது.

கூலியைப் பற்றிப் பேசவே அவர் விடவில்லை. அங்கியின் உட்புறத்தைத் திருப்பி, என் பின்தையல்களை நிதானமாகப் பார்த்துவிட்டு, இது எந்தக் காலத்து உடை என்று கேட்டார். சியெனா நகர மாளிகையில் அம்புரோஜியோ லோரென்செத்தி 1338-39இல் தீட்டிய சுவரோவியத்தில் நடனமாடுவோரின் படத்தைக் காட்டினேன். முகங்களை விட்டுவிட்டு, துணி விழும் விதத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே ஆண்டுகளில் புளோரன்ஸில் 200க்கு மேற்பட்ட கம்பளிப் பட்டறைகள் இருந்ததாகவும், 30,000க்கும் அதிகமானோர் அத்தொழிலால் பிழைத்ததாகவும் அந்நகர வரலாற்றை எழுதிய ஜொவான்னி வில்லானி குறித்திருக்கிறார். இவ்வூர் வணிகர் பிரான்செஸ்கோ தாத்தினியின் கடிதங்கள் ஒன்றரை லட்சம் அளவில் இன்றும் இங்கே பாதுகாக்கப்படுகின்றன. நூற்றவர்கள், பழுது நீக்கியவர்கள் பெரும்பாலோரின் பெயரோ நமக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பெண்களின் கைத்திறன் இன்று என் வீட்டு மேசையில் உட்கார்ந்து வேலை செய்ததாகவே நான் கருதுகிறேன். அந்த அம்மையாருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் எனக்குப் போதாது.

அங்கியின் கைகள் இரண்டும் இன்னும் பாக்கி. அவற்றைத் தைத்து முடிக்கும் முன்பாக ஒன்றைச் செய்ய உறுதி எடுத்திருக்கிறேன். சேறு பட்ட, கிழிந்த கம்பளி உடை எவரிடம் இருந்தாலும் என்னிடம் கொண்டுவாருங்கள். அம்மையார் அருகிலிருந்து கற்றுத்தரச் சம்மதித்திருக்கிறார். நானே கழுவி, இழையோட்டித் தருகிறேன். அதுவரை தயவுசெய்து பிழியாமல், சூடு காட்டாமல், தட்டையாகப் பரப்பி வையுங்கள்.