உப்பு ஜாடியைக் கீழே இறக்குங்கள், அத்தை

அன்புள்ள அத்தைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை சோழவந்தானுக்கு வந்தபோது சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன். உங்கள் எதிரே உட்கார்ந்தால் எனக்கு இன்னமும் பத்து வயதுதான். அதனால் எழுதுகிறேன். பிளாக்கில் எதற்கு எழுதுகிறான் என்று கோபப்படாதீர்கள். நம்மைப் போல அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டிக்கொடுத்த குடும்பம் மதுரையைச் சுற்றித் தெருவுக்கு நாலு இருக்கும். பேரையெல்லாம் மாற்றிவிட்டேன். சின்னவளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அன்றைக்கு மத்தியானம் நீங்கள் எல்லோரும் கண்ணயர்ந்த நேரம், அடுப்படியில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் முகிலன். கல் உப்பு ஜாடியைத்தான் நீங்கள் பரண்மேல் ஏற்றிவிட்டீர்களே, முக்காலியை இழுத்துப் போட்டும் அவனுக்கு எட்டவில்லை. நார்த்தங்காய் ஊறுகிற ஜாடியைத் திறந்து, அந்த உப்புத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. "அப்பத்தாகிட்ட சொல்லிராதீங்க மாமா" என்றான். ஐந்து வயதுப் பிள்ளை, பன்னிரண்டு கிலோ. மிட்டாய் திருடுகிற வயதில் உப்புத் திருடுகிறான்.

அது கெட்ட பழக்கம் இல்லை அத்தை. அவன் உடம்பு கேட்கிறது. சித்திரைத் திருவிழாவில் ஜிலேபி வேண்டாம், பானகம் வேண்டாம் என்று மோர்ப்பந்தலைவிட்டு நகராமல் நாலு டம்ளர் நீர்மோர் குடித்தானே, அதே கதைதான். அன்றைக்கு அழகரைப் பார்க்க விடிகாலையிலிருந்து நின்றது, வெயில், இரண்டு தடவை வாந்தி. அப்புறம் ஆற்று மணலிலேயே கால் துவண்டு உட்கார்ந்துவிட்டான். தூக்கி நிறுத்தினால் நிற்கவில்லை. கண் பட்டிருக்கும் என்றீர்கள். கோடாங்கியிடம் போனோம், பாண்டி கோயில் கயிறும் கட்டினோம். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, கயிறு இப்போதும் அவன் கையில் இருக்கட்டும்.

அதற்கு முன்னால் மூன்று வருஷம் ஓடியது. சீர் தட்டியிருக்கு என்றார்கள், சவலை என்றார்கள். ஒரு டாக்டர் பூச்சி மாத்திரையும் டானிக்கும் எழுதிக் கொடுத்தார். ராத்திரிக்கு மூன்று தடவை பாய் நனைகிறதே, சர்க்கரையாக இருக்குமோ என்று நீங்கள் அவன் மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று குனிந்து பார்த்தீர்கள். உண்மையைச் சொன்னால், அந்த மூன்று வருஷத்தில் ஒழுங்காக ஒரு பரிசோதனை செய்தது நீங்கள் மட்டும்தான். எறும்பு வரவில்லை.

மணலில் விழுந்த மறுநாள் அவன் ரத்தத்தை நான்தான் எடுத்தேன். பொட்டாசியம் 2.1. சாதாரணமாக 3.5-க்கும் 5-க்கும் நடுவில் இருக்க வேண்டியது. மிஷின் கோளாறு என்று நினைத்து மறுபடி ஓட்டினேன், அதே 2.1. ஊசியில் ரத்தம் உடைந்திருந்தால் பொட்டாசியம் கூடித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. பத்து வருஷமாக ட்யூபும் ஊசியுமாக இருப்பவனுக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் கை நடுங்கியது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பேரணையில் திறந்துவிட்ட தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக வந்து வாமடை வழியாக வயலுக்குள் பாய்கிறதல்லவா? சிறுநீரகமும் அந்தத் தினுசுதான். பெரிய ஆளின் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிக்கின்றன. அதில் கரைந்திருக்கிற உப்பு மட்டும் ஒன்றரைக் கிலோ வரும். அதை அப்படியே வெளியே விட்டால் மனுஷன் தாங்குவானா? வழியிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை ரத்தம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அதில் கால் பங்கு உப்பை வாங்குகிற இடத்துக்கு ஹென்லே வளைவு என்று பெயர். அங்கே ஒவ்வொரு செல்லும் ஒரு வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன் வாமடை வழியாக சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றும் சேர்ந்தே உள்ளே வரும். பொட்டாசியத்துக்கு வந்த பக்கமே திரும்பிப் போகத் தனித் துளை உண்டு. குளோரைடு மட்டும் பின்பக்கத் துளை வழியாக ரத்தத்துக்குள் இறங்க வேண்டும். நொடிக்கு லட்சக்கணக்கில் கடக்கும். இந்தத் துளைகளைத்தான் அயனிச் சேனல் என்கிறார்கள், புரதத்தால் ஆனவை. முகிலனுக்கு அந்தப் பின் துளை சரியாக அமையவில்லை. பின்னால் வடியாத வயலுக்குள் முன்னால் தண்ணீர் ஏறுமா? ஏறாது. உப்பு உள்ளே வரமுடியாமல் வாய்க்காலோடு போய்விடுகிறது, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு. பாய் நனைவது அதனால்தான்.

உப்பு போவதைப் பார்த்து உடம்பு பதறுகிறது. ஆல்டோஸ்டிரோன் என்ற சுரப்பை அள்ளி ஊற்றி, கடைமடையிலாவது சோடியத்தைப் பிடி என்கிறது. கடைமடையில் பிடிக்கிறார்கள்தான், ஆனால் பதிலுக்குப் பொட்டாசியத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். கால் துவண்டது அங்கே.

நோயின் பெயர் பார்ட்டர் சின்ட்ரோம், முகிலனுக்கு இருப்பது மூன்றாம் வகை. ஃபிரெடெரிக் பார்ட்டர் என்ற அமெரிக்க டாக்டர் 1962-இல் தன் சகாக்களோடு விவரித்தது. எந்தத் துளை என்று பிடிக்க இன்னும் முப்பத்தைந்து வருஷம் ஆனது. 1997-இல்தான் யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லிஃப்டனின் குழு இந்தக் குளோரைடு சேனலின் ஜீனை, அதாவது அந்தத் துளையை எப்படிக் கட்டுவது என்று உடம்புக்குள் எழுதியிருக்கிற குறிப்பை, காட்டியது.

உப்புத் தின்றால் பிரஷர் வரும் என்று நீங்கள் பயப்படுவது புரிகிறது. மாமாவுக்கு வந்ததைப் பார்த்தவர் நீங்கள். அப்படி உப்பால் பிரஷர் ஏறுகிற பரம்பரை நோயும் இருக்கிறது, லிடில் சின்ட்ரோம். அதில் கடைமடைச் சோடியத் துளை தேவைக்கு மேல் திறந்தே கிடக்கும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். இவனுக்கு நேர் எதிர். மாமாவுக்கு உப்பைக் குறையுங்கள், பேரனுக்குக் கூட்டுங்கள். ஒரே பந்தியில் இரண்டு இலைக்கு இரண்டு விதம், என்ன செய்வது?

இளநீர் கொடுத்தால் போதாதா என்று கேட்டீர்கள். இளநீரில் பொட்டாசியம் நிறையவே இருக்கிறது. ஆனால் இவனுக்குக் குளோரைடும் சேர்ந்து வேண்டும். அதற்குத்தான் பொட்டாசியம் குளோரைடு சிரப். நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன், குமட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளை தினம் மூன்று வேளை குடிக்கிறான். மோரில் கலந்து கொடுத்தால் இறங்கும். அப்புறம், "வலி மாத்திரை எதுக்குடா பிள்ளைக்கு" என்று நீங்கள் ஒளித்துவைத்த இண்டோமெத்தசின். அது வலிக்குக் கொடுத்ததில்லை. இந்த நோயில் சிறுநீரகத்தில் புராஸ்டாகிளாண்டின் என்ற ஒரு சுரப்பு அதிகமாகச் சுரந்து, உப்பும் தண்ணீரும் போவதை இன்னும் கூட்டிவிடும். அதைத் தணிக்கிற மருந்து. சாப்பிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் புண்ணாக்கும். வாந்தியோ பேதியோ வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், பச்சை ஃபைலை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

எழுதக் கையோடாத இடத்துக்கு வந்துவிட்டேன். "இவ வயித்துல பொறந்தது இப்படி ஆகிப்போச்சு" என்று தங்கச்சியைச் சொன்னீர்களாம். அவள் என்னிடம் அழவில்லை, சும்மா சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒவ்வொரு ஜீனும் நமக்கு இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்றில் பிழை இருந்தால் இன்னொன்று சமாளித்துக்கொள்ளும், ஒரு தொந்தரவும் தெரியாது. முகிலனின் இரண்டு பிரதியிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை. மச்சானைப் பரிசோதித்தால் ஒரு பிரதியில் அது இருக்கிறது. தங்கச்சிக்கும் அதே மாதிரி ஒன்று. இருவருக்கும் ஒரே பிழை எங்கிருந்து வந்திருக்கும்? தாத்தாவிடமோ அவர் சம்சாரத்திடமோ இருந்தது, பெரும்பாலும் உங்கள் வழியாக மச்சானுக்கும், அப்பா வழியாகத் தங்கச்சிக்கும் வந்திருக்கும். நீங்களும் அப்பாவும் ஒரே கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி வளர்ந்தவர்கள். சொத்தைப் பிரித்துக்கொண்டது மாதிரி இதையும் ஆளுக்கொன்றாக வாங்கியிருக்கிறீர்கள், இரண்டு பேருக்கும் தெரியாமல். இதில் யார் வயிற்றைக் குறை சொல்வது? எனக்குமே இருக்கலாம், பாதிக்குப் பாதி வாய்ப்பு. பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன்.

அவர்களுக்கு அடுத்த குழந்தை என்றால் ஒவ்வொரு தடவையும் நாலில் ஒரு பங்கு இந்த நோய் வரலாம். பிழை எது என்று தெரிந்துவிட்டதால் மூன்றாம் மாசத்திலேயே பார்த்துவிட வழி இருக்கிறது. பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்பதை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

ஆவணியில் சின்ன மாப்பிள்ளைக்குச் சித்தப்பா மகளைப் பேசுவதாகச் சொன்னீர்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு முன்னால் இரண்டு பேரும் ஒரு நாள் என் லேபுக்கு வரட்டும், ஆளுக்கு ஒரு ட்யூப் ரத்தம். அந்த ஒரு எழுத்தை மட்டும் பார்த்தால் போதும். இருவரில் ஒருவருக்கு இல்லை என்றாலே இந்தப் பிழையால் பிள்ளைகளுக்கு நோய் வராது. ஜோசியரிடம் பத்துப் பொருத்தம் பார்க்கப் போகிறீர்கள், இதைப் பதினொன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி பஸ்ஸில் வருகிறேன். ஜாடியை அதற்குள் இறக்கி, முகிலன் கைக்கு எட்டுகிற மாதிரி திண்டில் வைத்துவிடுங்கள். மாங்காய் நான் வாங்கி வருகிறேன், நீங்களே கீற்றுப் போட்டு உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுங்கள். உங்கள் கையால் கொடுத்தால்தான் அவன் ஒளிக்காமல் தின்பான்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்