காணாமல் போன 232 ரூபாய்

காரைக்குடி
ஐப்பசி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். மழை விட்டபாடில்லை. ஓடு மாற்றியும் இரண்டாம் கட்டில் ஒரு மூலை ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

1993இல் நாம் இருவரும் டர்போ பாஸ்கல் மொழியில் எழுதிக் கொடுத்த புரோகிராம், கோயிலுக்குக் குடும்பவாரியாகக் கட்டும் புள்ளி வரிக் கணக்கு, நினைவிருக்கிறதா? போன மாதம் அதை சி மொழிக்கு மாற்றினேன். நன்றாகத்தான் ஓடியது. பட்டியலை அச்செடுத்தால், 1000 கட்டிய சிலருக்கு 768 என்று நிற்கிறது! 500 கட்டியவருக்கு 256. கட்டிய மனுசன் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது? இரண்டு ராத்திரி தூக்கமே இல்லை.

நினைவகத் தப்புகளைப் பிடிக்கும் வால்கிரைண்டில் ஓட்டினேன், ஒரு புகாரும் இல்லை. அதே வேலைக்கான அட்ரஸ் சானிட்டைசர் சேர்த்துக் கம்பைல் செய்தேன், அதுவும் பேசவில்லை. ஒருவரின் பெயர், தொகை எல்லாம் அடுத்தடுத்து இருக்கும் ஒரே ஸ்ட்ரக்டுக்குள் ஒரு புலம் பக்கத்துப் புலத்தை மிதித்தால் இவை பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. கடைசியில் ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில், அந்தத் தொகை மாறினால் உடனே நிறுத்தும்படி வாட்ச்பாயின்ட் வைத்தேன். எங்கே வந்து நின்றது தெரியுமா? பெயரை நகலெடுக்கும் வரியில்.

பாஸ்கலில் 20 எழுத்து ஸ்டிரிங் என்றால் 21 பைட். நீளம் முதல் பைட்டில் உட்கார்ந்திருக்கும். நான் சியிலும் 20 என்றே போட்டுவிட்டேன். அங்கே முடிவைக் காட்ட ஒரு பூஜ்ய பைட் வேண்டுமே! பெயர் சரியாக 20 எழுத்து என்றால், அந்தப் பூஜ்யம் பக்கத்திலிருக்கும் தொகையின் முதல் பைட்டில் போய் விழுகிறது. நம் கம்ப்யூட்டரில் எண்ணின் கீழ்மதிப்பு பைட்தான் முதலில். 1000 என்பது மூன்று 256, அதோடு 232. கீழ்மதிப்பு பைட்டில் இருந்த அந்த 232 அழிந்துபோனது.

அப்புறம்தான் உறைத்தது. பாஸ்கல் நீளமான பெயரைச் சத்தமில்லாமல் 20இல் வெட்டிவிடும். நம்மூரில் முன்னோர் பெயர்களான விலாசம் முழுவதும் சேர்த்துப் பெயர் எழுதும் வீடுகள் எத்தனை! அத்தனையும் சரியாக 20 எழுத்தாக வந்து நின்றிருக்கின்றன. 19 எழுத்துக்காரர் ஒருவருக்கும் ஒரு ரூபாய் குறையவில்லை.

21 ஆக்கினேன், சரியாகிவிட்டது. ஆனாலும் மனம் ஆறவில்லை. புரோகிராம் நின்றுபோயிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன். தப்பான தொகையை அழகாக அச்சடித்துக் கொடுத்ததே, அதுதான் பயமாக இருக்கிறது. இப்போது ஒவ்வொரு புள்ளியையும் பழைய ரசீதோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாசியில் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வருகிறாய் அல்லவா? அடுத்து வட்டிக் கணக்கை மாற்ற வேண்டும். அதை அச்செடுத்த தாள்கள் உன்னிடம்தான் இருக்கின்றன. மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை