மரத்துக்கு இதயம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

படிவம் 3 படிக்கும் என் பேத்தி போன வாரம் அறிவியல் பாடத்தை ஒப்பித்தாள். தமனி, சிரை, தந்துகி என்ற இரத்தக் குழாய்கள், செடியில் நீர் ஏறும் சைலம், உணவு போகும் புளோயம் என்று அட்டவணை முழுவதும் மனப்பாடம். “சரி, இவ்வளவு உயரமான மரத்தில் தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது?” என்று கேட்டேன். “வேர் பம்ப் பண்ணும் பாட்டி” என்றாள். நமக்கு இதயம் இருப்பதால் மரத்திலும் ஏதோ ஒன்று தள்ளத்தான் வேண்டும் என்று அவளாகவே நினைத்திருக்கிறாள். வேர் கொஞ்சம் தள்ளும், உண்மைதான். ஆனால் பெரும்பாலும் இலையிலிருந்து ஆவியாகும் நீர்தான் கீழே உள்ள நீரை இழுக்கிறது.

மறுநாள் பினாங்கு லிட்டில் இந்தியா பூக்கடையில் வெள்ளைச் செவ்வந்தி இரண்டு காம்பு வாங்கினோம். கேசரிக்குப் போடும் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரில் இரண்டையும் வைத்து, ஒன்றை மின்விசிறிக்கு அடியில் விட்டோம். மற்றதைப் பிளாஸ்டிக் பையால் மூடினோம். காற்றுப்பட்ட பூவின் இதழோரங்களில்தான் முதலில் சிவப்புக் கோடுகள் தெரிந்தன. “அப்போ மேலேயிருந்து இழுக்குதா!” என்றாள். அதன் பிறகு சைலம் என்ற சொல்லை நான் அவளுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

செபராங் பிறை ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய (பட்டையைக் கீறிப் பால் எடுத்த) என் அம்மா பள்ளிக்கூடம் போனவர் அல்ல. ஆனால் வெயில் ஏறினால் பால் குறையும் என்பது அவருக்குத் தெரியும். இருட்டிலேயே கிளம்பிவிடுவார். இலைகள் நீரை இழக்க இழக்க மரத்துக்குள் அழுத்தம் இறங்குகிறது, பாலும் மெதுவாகிறது. கத்தி ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டால் மரம் காயப்படும் என்றும் சொல்வார். பால் வரும் குழாய்கள் பட்டையில், புளோயம் இருக்கும் பகுதியில்தான் இருக்கின்றன. (பாலும் மரத்தின் உணவுச் சாறும் ஒன்றல்ல, இதைப் பிள்ளைகள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள்.) நம் தாத்தா பாட்டிகள் கையால் அறிந்த இந்தப் பாடம் வகுப்புக்குள் வராமல் போவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு குழப்பம் நம் பேச்சிலேயே இருக்கிறது. கையில் பச்சையாகத் தெரியும் இரத்தக் குழாயையும் ‘நரம்பு’ என்கிறோம், இலையில் ஓடுவதையும் நரம்பு என்கிறோம், மூளையின் செய்தியைக் கொண்டுபோவதும் நரம்புதான். ஆசிரியர் இதைப் பிரித்துச் சொல்லிவிட்டு, 1628-இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி இரத்த ஓட்டம் பற்றிய தம் நூலில் காட்டியதை வகுப்பிலேயே செய்யச் சொல்லலாம். முன்கைச் சிரையை (இதயத்துக்கு இரத்தம் திரும்பும் குழாயை) ஒரு விரலால் அழுத்தி, இன்னொரு விரலால் முழங்கைப் பக்கமாக வழித்துவிட வேண்டும். நடுவில் வால்வு (ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு) இருந்தால் இரத்தம் கீழே திரும்பாது, குழாய் வெறுமையாகவே கிடக்கும். முதல் விரலை எடுத்ததும் நிரம்பும். இதற்கு ஆய்வுக்கூடம்கூட வேண்டாம்.

ஒவ்வோர் உயிரணுவுக்கும் வேண்டியது எப்படிப் போய்ச் சேருகிறது என்ற கேள்வியிலிருந்து பாடம் தொடங்கட்டும், பெயர்கள் அப்புறம் வரட்டும். தங்கள் மாணவர் பக்கத்தில் இந்தச் செவ்வந்திச் சோதனையை ஒருமுறை படத்தோடு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு