சௌவின் என்று ஒரு மரண தேவன் இல்லை

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் எல்லோருக்கும் வந்த அறிவிப்பைப் படித்தேன். ஹாலோவீன் என்பது 'சம்ஹெய்ன்' என்ற மரண தேவனுக்கு பழங்கால கெல்டிக் மக்களின் ட்ரூயிட் பூசாரிகள் நரபலி கொடுத்த நாளாம். அதனால் அக்டோபர் 31 அன்று பிள்ளைகளுக்கு வேடம் போட்டு அனுப்ப வேண்டாமாம். அனுப்புவதும் அனுப்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அயர்லாந்தின் டப்ளினில் இருந்துகொண்டு இப்படி ஒரு காரணம் சொல்கிறோமே!

அந்தச் சொல்லை இங்கே 'சௌவின்' என்பார்கள். அது சாமி பெயரே இல்லை. நம் பிள்ளைகளின் ஐரிஷ் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், நவம்பர் மாதத்துக்கு அதுதான் பெயர். அக்டோபரின் ஐரிஷ் பெயருக்கு 'அறுவடையின் முடிவு' என்று பொருள். கோடையில் மலைமேய்ச்சலுக்குப் போன மாடுகளை வீட்டுக்கு ஓட்டி வந்து, குளிர்காலத்துக்குத் தீனி போட்டுக் காப்பாற்ற முடியாதவற்றை அடித்து இறைச்சியாக்கிய காலம்தான் சௌவின். அந்தக் காலத்தில் நாள் என்பது அந்தி சாய்ந்ததும் தொடங்கும் கணக்கு. அதனால்தான் நவம்பர் 1இன் சௌவின் பண்டிகை அக்டோபர் 31 இரவே வந்துவிடுகிறது.

அப்புறம் மரண தேவன் எங்கிருந்து வந்தார்? 18ஆம் நூற்றாண்டில் சார்ல்ஸ் வலன்சி என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் இங்கே இருந்தார். ஓசை கொஞ்சம் ஒத்துப்போனால் போதும், ஐரிஷ் சொல்லைக் கிழக்கு நாட்டுத் தெய்வத்தோடு முடிச்சுப் போட்டுவிடுவார். (இந்த வியாதி நமக்கும் உண்டு, பேர் சொல்ல வேண்டாம்.) அவர் கிளப்பிவிட்டதுதான் இன்றும் சுற்றுகிறது. நரபலிக்கு ஒரு கதை இருப்பது உண்மை. க்ரோம் க்ரூவாக் என்ற சிலைக்குத் தலைப்பிள்ளையைக் கொடுத்தார்கள் என்பது கதை. அதை எழுதி வைத்தவர்கள், அந்த மதம் போய்ப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்த கிறித்தவர்கள்.

'எல்லாமே 2000 வருஷத்துக் கெல்டிக் வழக்கம், சர்ச் திருடிக்கொண்டது' என்று பதில் போட்ட நண்பருக்கும் ஒரு வார்த்தை. ஹாலோவீன் என்ற சொல்லுக்கே புனிதர் திருநாளின் முந்திய மாலை என்றுதான் அர்த்தம். 800ஆம் ஆண்டு வாக்கில் ஐரிஷ்காரர்கள் எல்லாப் புனிதர் விழாவைக் கொண்டாடியது ஏப்ரல் 20இல். அந்த விழாவுக்கு இப்போதுள்ள நவம்பர் 1 அயர்லாந்துக்கு வெளியிலிருந்து வந்த தேதி. சௌவின் இரவில் மறுவுலகம் திறக்கும் என்பது மட்டும் இடைக்கால ஐரிஷ் கதைகளில் நிறைய வருகிறது. ரோஸ்காமன் மாவட்டத்தில் ஓவினகாட் என்ற குகையே அந்த வாசல்தான் என்பார்கள்.

ஹாலோவீனுக்குக் குடைந்து வைக்கும் பூசணி விளக்கு அமெரிக்காவில் வந்தது. இங்கே டர்னிப் கிழங்குதான். மேயோ மாவட்டத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் டொனகல் மாவட்டத்து டர்னிப் விளக்கு ஒன்றின் வார்ப்பு இருக்கிறது. அசல் விளக்கு 1943இல் ஒரு பள்ளி ஆசிரியை கொடுத்ததாம். சுருங்கிய கிழவன் முகம், நாலைந்து பல். பூசணி அதன் பக்கத்தில் பச்சைக் குழந்தை. போன வருஷம் நானும் ஒன்று குடைந்தேன். கரண்டி வளைந்தது, மெழுகுவத்தி சூட்டில் முட்டைக்கோஸ் தீய்ந்த வாடை வீடெல்லாம்.

இந்த 31 மாலை எங்கள் வீட்டில் பார்ம்பிராக் ரொட்டி வெட்டுகிறோம். உள்ளே மோதிரம் வைப்பது வழக்கம், எடுத்தவருக்கு அந்த வருஷம் கல்யாணம் என்பார்கள். நம் கூட்டத்தில் பெரும்பாலும் கல்யாணமானவர்கள், பயமில்லாமல் சாப்பிடலாம். விருப்பமிருந்தால் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், வேடம் கட்டாயமில்லை. டர்னிப் ஆறு வாங்கியிருக்கிறேன். கெட்டியான கரண்டி இருந்தால் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அப்பா