பலாத்தோப்பு வண்டிக்கு நாலு சக்கரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் முதுநகரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். காடாம்புலியூர் பக்கம் என் மனைவியின் தம்பிக்குப் பலாத்தோப்பு இருக்கிறது, ஊடே முந்திரி. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தபோது பாதிக்கு மேல் மரம் சாய்ந்துவிட்டது, அப்புறம் வைத்த கன்றுகள்தான் இப்போது காய்க்கின்றன. காய்ப்புக்குக் குறைவில்லை. மரத்தடியிலிருந்து தார்ச்சாலை வரை பழத்தைச் சேதமில்லாமல் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. அந்த முக்கால் கிலோமீட்டருக்காக ஒரு பேட்டரி வண்டி செய்தேன். அதற்கு நாலு சக்கரம் இருப்பதால் சாலையில் ஓட்டப் பதிவு செய்ய முடியாத சட்டச் சிக்கலில் வந்து நிற்கிறோம், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் மைத்துனன் கடையில் விற்கிற பேட்டரி வண்டியைத்தான் வாங்கினான். மூன்று சக்கரம், பின்னால் மோட்டார், இரண்டு பின் சக்கரத்தையும் பிணைக்கிற ஒரே ஆக்சில், லீஃப் ஸ்பிரிங். டவுனில் தண்ணீர் கேன் போட அது தாராளம். தோப்புப் பாதை வேறு மாதிரி. மாட்டு வண்டியும் டிராக்டரும் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மேடு. பின் சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கினால் ஒற்றை முன் சக்கரம் மேட்டில் ஏறி அல்லாடுகிறது, ஒரு பக்கம் வேர் தட்டினால் ஆக்சிலோடு சேர்ந்து தொட்டி மொத்தமும் சாய்கிறது. பலா வெளியே முரடாக இருந்தாலும் பழுத்தபின் உள்ளே சுளை சீக்கிரம் அடிபடும், அடிபட்டது கண்ணுக்குத் தெரியாது. மண்டியில் தட்டிப் பார்க்கிறவர் விரலுக்குத் தெரியும். மறுநாள் அந்த இடம் கறுத்துப் புளித்த வாடை வந்துவிடும். ஒரே நாளில் பதினோரு பழத்தைக் கழித்து ஓரம் வைத்தார்கள். "மாமா, வெட்டுனப்ப நல்லாத்தான் இருந்துச்சு, வண்டிதான் கெடுத்துடுச்சு" என்று போன் செய்தான்.

சரி, நாமே செய்வோம் என்று உட்கார்ந்தேன். நாலு சக்கரமும் ஒன்றையொன்று இழுக்காமல் தனித்தனியாக ஏறி இறங்க வேண்டும், இழுவை முன் சக்கரத்தில் இருக்க வேண்டும், இந்த இரண்டையும் முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். முன்பக்கம் எதற்கு என்று பட்டறைக்கு வருகிற எல்லோரும் கேட்டார்கள். பின்னால் மோட்டாரும் ஆக்சிலும் இல்லையென்றால் தொட்டியைச் சக்கரங்களுக்கு நடுவே தரையை ஒட்டி இறக்கிவிடலாம். எங்கள் வண்டியின் தொட்டித்தளம் தரையிலிருந்து ஒன்றேகால் அடிதான். இருபது கிலோ பழத்தை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினால் போதும். அங்கே பழம் ஏற்றுவது பெரும்பாலும் பெண்கள், முன்பெல்லாம் ஒரு பழத்துக்கு இரண்டு பேர் பிடிப்பார்கள், இப்போது ஒருவரே உருட்டி வைத்துவிடுகிறார்.

முன்பக்கம் முழுவதும் பழைய மாருதி 800. 1983-ல் வந்து 2014 வரை செய்த கார் என்பதால் காயலான் கடையில் சக்கரத்தைப் பிடிக்கிற நக்கிள், அதோடு ஏறி இறங்குகிற லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர், சக்கரத்தைச் சுற்றுகிற டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் ஒரே செட்டாகக் கிடைக்கிறது, இல்லாததைச் சென்னை புதுப்பேட்டையில் பிடித்தேன். வண்டி திரும்பும்போது இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருப்பதால் அதைப் பிரிக்காமல் இரண்டாவது கியரில் நிறுத்திவிட்டு, கிளட்சை எடுத்துவிட்டு, 3 கிலோவாட் மோட்டாரை நேராகச் சேர்த்தேன். ரிவர்ஸுக்கு மோட்டாரையே திருப்பிச் சுற்றவிட்டால் போதும். பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 3.2 வோல்ட் செல் பதினாறு, மொத்தம் 51.2 வோல்ட், 100 ஆம்பியர் அவர், அதாவது சுமார் 5 யூனிட் கரண்ட். எஞ்சின் போன இடத்தில் மோட்டாரும் பேட்டரியும் உட்கார்ந்ததால் காரின் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டியிருக்கவில்லை. பின்பக்கத்துக்குப் பழைய ஆட்டோவில் பின் சக்கரத்தைத் தாங்குகிற ட்ரெய்லிங் ஆர்ம் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்பிரிங்.

மோட்டாரையும் கியர்பாக்ஸையும் சேர்க்கிற கப்ளிங்கை நானே கடைந்தேன். முதலில் கடைந்தது தலைமுடி அளவு சென்டர் விலகியிருந்தது, ஓட்டினால் கியர்பாக்ஸ் ஊளையிட்டது. விலகலை அளக்கிற டயல் கேஜ் வைத்து மறுபடி கடைந்தபின்தான் அடங்கியது. ஸ்டியரிங் ரேக்கையும் சற்று மேலே வைத்துவிட்டேன். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடும் லோயர் ஆர்மும் ஒரே வளைவில் ஏறி இறங்காவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் தானாகத் திரும்பும், ஹேண்டில் கையை உதறும். இறக்கி வெல்டிங் செய்தேன், உதறல் நின்றுவிட்டது.

முன்சக்கர இழுவையில் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் போய் முன் சக்கரம் லேசாகிவிடும். தோப்புக்குள் ஓடைக்கரை ஒன்று இருக்கிறது, முதல் மழையில் அங்கே முன் சக்கரம் செம்மண்ணில் வழுக்கிச் சுற்றிக்கொண்டே நின்றது. தொட்டியை ஓரடி முன்னால் நகர்த்தினேன், பழத்தையும் முன்பக்கமாக அடுக்கச் சொன்னேன். இப்போதும் ஈரம் அதிகமென்றால் அந்தக் கரையில் மட்டும் வண்டியை ரிவர்ஸில்தான் ஏற்றுகிறான், அப்போது பாரம் இழுக்கிற சக்கரத்தின் மேலேயே அழுத்துகிறது, வழுக்காமல் ஏறுகிறது. இன்னொன்று டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட்டை மூடுகிற ரப்பர் பூட். சீமைக்கருவேலம் முள் குத்தி ஒரு பூட் கிழிந்து, கிரீஸ் ஒழுகி, மண் உள்ளே போய், திரும்பும்போதெல்லாம் டக் டக்கென்று சத்தம். ஜாயிண்ட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. தகரத்தில் ஒரு மறைப்பு அடித்துக் கொடுத்தபின் தொந்தரவில்லை. இதே மாதிரி செய்கிறவர்கள் அந்தத் தகரத்தை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

போன சீசன் முழுக்க அடிபட்டதென்று மண்டியில் கழித்த பழம் இரண்டோ மூன்றோதான்.

இனி சட்டம். தோப்புக்குள் மட்டும் ஓடும்வரை யாரும் கேட்கப் போவதில்லை. தோப்பிலிருந்து மண்டிக்குப் போக ஒன்றரை கிலோமீட்டர் பொதுச்சாலை இருக்கிறது. பதிவு செய்து, இன்சூரன்ஸ் போட்டு, முறையாகப் போக வேண்டும் என்றுதான் ஒரு அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். 2015-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 2ஏ பிரிவு, பேட்டரி சரக்கு வண்டி என்றால் 4,000 வாட்டுக்குள் மூன்று சக்கரம் என்று சொல்கிறது. என் வண்டி 3,000 வாட், வேகத்தை 20 கிலோமீட்டரில் பூட்டியிருக்கிறேன், முன்னால் டிஸ்க் பிரேக். ஒரு சக்கரம் கூடுதலாக இருப்பதால் அந்த வகையில் சேராது. நாலு சக்கரமாகப் பதிய வேண்டுமானால் கம்பெனிக்காரர்கள் போல மாதிரி வண்டியைச் சோதனை நிறுவனத்தில் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும், ஆயிரக்கணக்கில் வண்டி விற்கிறவர்களுக்கு அந்தச் செலவு கட்டும், ஒரே ஒரு வண்டி செய்தவனுக்கு எப்படிக் கட்டும்? "மூணு சக்கரமா மாத்திட்டு வாங்க" என்று அங்கே ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். மூன்று சக்கரத்தால்தானே பழம் போனது.

சோதனையே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. பிரேக், ஸ்டியரிங், வெல்டிங், வயரிங் எல்லாவற்றையும் பார்த்தே ஆக வேண்டும், சாலையில் எதிரே வருகிறவர் உயிரும் உயிர்தான். பார்க்க ஒரு வழி வேண்டும் என்கிறேன். ஒரகடத்தில் மத்திய அரசின் வாகனச் சோதனை மையம் இருக்கிறது, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் துறை இருக்கிறது, கடலூரிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. 25 கிலோமீட்டர் வேகத்துக்குள், 4,000 வாட்டுக்குள் ஓடுகிற விவசாய வண்டிகளுக்குச் சக்கர எண்ணிக்கையைப் பார்க்காமல் தனி வகை ஒன்றை மத்திய அரசு உண்டாக்கட்டும். ஒற்றை வண்டியைக் கட்டக்கூடிய கட்டணத்தில் சோதிக்கும் பொறுப்பை இந்த மாதிரி இடங்களுக்குக் கொடுக்கட்டும். மாநிலப் போக்குவரத்துத் துறை இதை டெல்லிக்கு எழுதிக் கேட்க வேண்டும், நம் மாவட்ட எம்.பி., எம்.எல்.ஏ.க்களும் கேட்க வேண்டும்.

வரும் சித்திரையில் பழம் இறங்கத் தொடங்கிவிடும். அதிகாரிகள் யார் வந்தாலும் தோப்புப் பாதையில் பாரத்தோடு ஓட்டிக் காட்டுகிறோம், அடியில் படுத்து ஒவ்வொரு போல்ட்டாகப் பார்க்க வேண்டுமென்றாலும் பட்டறையில் தூக்கி வைத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர்,
கடலூர் முதுநகர்.