'பேட்மேன் பிகின்ஸ்' பட்டறைக்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

வணக்கம்.

2005 ஜூன் 15 அன்று திரைக்கு வந்த 'பேட்மேன் பிகின்ஸ்' படத்தில் வேலை பார்த்த தச்சர்கள், மெக்கானிக்குகள், தையற்காரர்கள், அச்சு வார்த்தவர்கள், பெயிண்டர்கள், லைட்மேன்கள் எல்லோருக்கும் சென்னையிலிருந்து ஒரு ஆர்ட் அசிஸ்டெண்ட் எழுதும் கடிதம் இது. இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனுக்கும் நாயகன் கிறிஸ்டியன் பேலுக்கும் நன்றி சொல்ல உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. அவர்களுக்கு என் நன்றியும் உண்டு. ஆனால் நான் செட் போடுகிற ஆள். பிளைவுட்டும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் ஃபைபரும்தான் என் பிழைப்பு. அதனால் என் கும்பிடு முதலில் உங்கள் பட்டறைக்கு.

அந்தப் படம் எந்த நிலைமையில் தொடங்கியது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். 1989-இல் டிம் பர்ட்டன் தொடங்கி வைத்த பேட்மேன் வரிசை, 1997-இல் வந்த நான்காம் படத்தோடு படுத்துவிட்டது. எங்கு பார்த்தாலும் நியான் வெளிச்சம், நிமிடத்துக்கு ஒரு கடி ஜோக் என்று வந்த அந்தப் படத்தை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஐந்தாம் படம் கைவிடப்பட்டது. அதன் பிறகு பேசப்பட்ட திட்டங்களும் பேச்சோடு நின்றன. 2003 தொடக்கத்தில் வார்னர் பிரதர்ஸ் இந்தப் பொறுப்பை நோலனிடம் கொடுத்தபோது அவருக்கு வயது 32. அத்தனை பெரிய பட்ஜெட்டை அவர் அதுவரை தொட்டதில்லை. சுமார் 15 கோடி டாலர் செலவு. அதிலும் நாயகன் முழு உடையில் வந்து நிற்கவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும் கதை. அதை நம்பிக் காசு போட்டவர்களையும் இந்த இடத்தில் மனதார வாழ்த்துகிறேன். அந்தத் துணிச்சல் இல்லையென்றால் உங்கள் பட்டறைகளில் யாரும் சுத்தியலைத் தொட்டிருக்க முடியாது.

படத்தின் புரொடக்ஷன் டிசைனர் நேத்தன் கிரவுலி சார், அந்த கராஜ் கதையிலிருந்து தொடங்குகிறேன். லாஸ் ஏஞ்சலஸில் நோலன் வீட்டு கார் நிறுத்தும் கொட்டகையில் உட்கார்ந்து நீங்கள் மாதிரிகள் செய்தீர்கள். அதே வேளையில் நோலனும் டேவிட் கோயரும் திரைக்கதையை எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் துறையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. வழக்கமாக எழுத்து முடிந்து, லொகேஷன் பார்த்து, தேதியும் குறித்த பிறகுதான் ஆர்ட் டைரக்டரைக் கூப்பிடுவார்கள். அப்போது கையில் நாளும் இருக்காது, பணமும் இருக்காது. உங்கள் படத்திலோ காட்சியும் பொருளும் ஒன்றாகவே பிறந்தன. கடையில் விற்கும் பிளாஸ்டிக் மாடல் கிட்களை வாங்கி, உடைத்து, ஒன்றின் உடம்பில் இன்னொன்றின் சக்கரத்தை ஒட்டி, அந்தக் காரை முதலில் பொம்மையாகச் செய்தீர்கள். லம்போர்கினியும் ராணுவ ஹம்வியும் கலந்த உருவம். 'டம்ப்ளர்' என்று பெயர்.

அந்தப் பொம்மையை ஓடும் வண்டியாக்கிக் கொடுத்த கிறிஸ் கார்போல்ட் சாருக்கும் ஆண்டி ஸ்மித் சாருக்கும் அவர்களோடு வெல்டிங் பிடித்த அத்தனை பேருக்கும் என் நன்றியை எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை. முன்பக்க இரு சக்கரங்களுக்கும் நடுவே அச்சுத்தண்டு (ஆக்சில்) இருக்கக் கூடாது என்று டிசைன் சொல்கிறது. எந்த மெக்கானிக்கும் முதலில் கேட்பது, "அப்புறம் எப்படி சார் திரும்பும்?" என்றுதான். சாக்குச் சொல்லி டிசைனை மாற்றியிருக்கலாம். நீங்கள் மாற்றவில்லை. சக்கரத்தைப் பக்கவாட்டுக் கைகளில் நிறுத்தி, பின்னால் 37 அங்குல டயர்கள் மாட்டி, 5.7 லிட்டர் வி-8 என்ஜின் வைத்து, இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்த வண்டியை சிகாகோ தெருவில் நிஜமாகவே ஓட்டிக் காட்டினீர்கள். உள்ளே உட்கார்ந்தால் வெளியே சரியாகத் தெரியாது என்பதால், வண்டியின் உடம்பில் கேமரா பொருத்தி, ஓட்டுநருக்கு மானிட்டர் வைத்தீர்கள். லோயர் வேக்கர் டிரைவின் பாதாளச் சாலையில் அந்தக் கார் சீறும்போது தரை அதிர்வது படத்தில் தெரிகிறது. எடை இருந்தால்தான் அந்த அதிர்வு வரும்.

கூரைக்குக் கூரை தாவும் இடங்களில் மினியேச்சர் வண்டியைக் கலந்திருக்கிறீர்கள். எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், பெரியதும் சின்னதும் மாறும் இடத்தை இன்னும் என்னால் சட்டென்று பிடிக்க முடியவில்லை. கூரை ஓடு உடைந்து சிதறும் விதத்தில்தான் மினியேச்சர் காட்டிக்கொடுத்துவிடும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். உங்கள் ஓடுகள் காட்டிக்கொடுக்கவே இல்லை.

உடை வடிவமைத்த லிண்டி ஹெமிங் மேடம், உங்களுக்கும் ஷெப்பர்ட்டன் ஸ்டுடியோவில் 'கேப் டவுன்' என்று பெயர் சூட்டிக்கொண்ட உங்கள் பட்டறைக்கும் அடுத்த வணக்கம். பழைய படங்களின் ரப்பர் உடையில் நாயகனால் தலையைத் தனியாகத் திருப்ப முடியாது. மார்போடு சேர்ந்து முழு உடம்பையும் திருப்ப வேண்டும். முகமூடியை நீங்கள் கழுத்துப் பக்கம் எவ்வளவு கவனமாகச் செய்தீர்கள் என்பது வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். மெல்லியதாக வார்த்தால் தலை திரும்பும்போது கழுத்தில் சுருக்கம் விழும், கேமரா அதை விடாது. தடிமனாக வார்த்தால் திரும்பவே திரும்பாது. அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற நூலளவு தடிமனைக் கண்டுபிடிக்க எத்தனை வார்ப்பை எடுத்து எறிந்திருப்பீர்கள்! பேலின் உடம்பை அச்சு எடுத்து, அதன் மேல் செதுக்கி, உள்ளே நியோப்ரீன் என்ற இழுபடும் ரப்பர் உடை கொடுத்து, அவர் சண்டை போடவும் குனியவும் ஓடவும் வழி செய்தீர்கள். அந்த உடைக்குள் வெக்கையும் தலைவலியுமாக இருந்ததாகவும், அந்த எரிச்சலையே நடிப்புக்கு எடுத்துக்கொண்டதாகவும் பேல் சொல்லியிருக்கிறார். அவருக்கும் ஒரு சலாம்.

அந்த மேலங்கியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாராசூட் நைலான் துணியில் பசை பூசி, மின்னேற்றம் கொடுத்து, பொடிப்பொடி இழைகளை அதன் மேல் விடுவது. மின்விசையில் ஒவ்வொரு இழையும் நெட்டுக்குத்தாக நின்று பசையில் ஒட்டிக்கொள்ளும். துணி எடை கூடாமலே வெல்வெட் மாதிரி ஆகிவிடும். வெளிச்சம் பட்டால் பளபளக்காது, விழுங்கிவிடும். அதனால்தான் இருட்டில் அவர் நிற்கும்போது மேலங்கி எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. கறுப்புத் துணி வாங்கித் தைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் அதோடு விடவில்லை.

இனி அந்தக் குகை. என் தனிப்பட்ட கடன் இங்கேதான் இருக்கிறது. ஷெப்பர்ட்டனில் போட்ட பேட்கேவ், அதாவது பேட்மேனின் ரகசியக் குகை செட்டுக்கு நிஜக் குகைப் பாறைகளில் அச்சு எடுத்து, அந்த அச்சில் வார்த்த பாறைகளைச் சுவராக நிறுத்தினீர்கள். 12 பம்புகள் வைத்து நிஜத் தண்ணீரை அருவியாகக் கொட்டவிட்டீர்கள். படம் உருவான விதத்தைக் காட்டும் மேக்கிங் டிவிடியில் இதைப் பார்க்கும்வரை, பாறை என்றால் கோணியில் பிளாஸ்டரை முக்கி, மூங்கில் சட்டத்தின் மேல் போர்த்தி, கையால் பிசைந்து விடுவதுதான் எனக்குத் தெரியும். அதுவும் ஒரு கைத்திறன்தான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மனிதக் கை பிசைந்தால் மேடு பள்ளம் ஒரே தாளத்தில் வந்துவிடும். நிஜப் பாறைக்குத் தாளம் கிடையாது.

அதன் பிறகு ஒரு குகை செட்டுக்காக செங்கல்பட்டுப் பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரியில் நாங்களும் அச்சு எடுத்தோம். முதலில் பாறையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தூசி தட்ட வேண்டும். பிறகு சிலிகானைப் பிரஷ்ஷால் மெல்லிய படலமாகத் தடவ வேண்டும், காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. அது இறுகியதும் மேலே இன்னொரு பூச்சு, நடுவில் காடாத் துணி, அதற்கும் மேல் ஃபைபரில் ஒரு முதுகுக் கூடு. உரிக்கும்போதுதான் உயிர் போகும். ஒரு மூலையில் கிழிந்தால் முழு வேலையும் போச்சு. அன்று எங்கள் மோல்டிங் மேஸ்திரி அதை வாழையிலையிலிருந்து பணியாரத்தை எடுப்பதுபோல எடுத்தார். உள்ளே பார்த்தால், கல் உடைத்த காலத்து உளித் தழும்புகூட அப்படியே பதிந்திருந்தது. உங்களைப் பார்த்துக் கற்றது அது.

பெட்ஃபோர்டுஷயரில் கார்டிங்டன் என்ற ஊரில் ஆகாயக் கப்பல்களுக்காகக் கட்டிய பிரம்மாண்டமான கொட்டகைகள் இருக்கின்றன. 1930-இல் பிரான்ஸில் விழுந்து 48 பேர் உயிரைக் குடித்த ஆர்-101 ஆகாயக் கப்பல் உருவானது அந்த ஊரில்தான். அப்படிப்பட்ட கொட்டகை ஒன்றுக்குள் பேட்மேன் வாழும் கற்பனை ஊரான கோதம் நகரத்தின் சேரிப்பகுதியை மாடி மேல் மாடியாக எழுப்பினீர்கள். ஹாங்காங்கில் இடித்துத் தள்ளப்பட்ட கௌலூன் மதிற்குடியிருப்பின் நெருக்கடியைத்தான் அதற்கு மாதிரியாக வைத்துக்கொண்டீர்கள். கூரைக்குக் கீழேயே இரவும் மழையும் உங்கள் கையில். படத்தில் கோதம் சொட்டச் சொட்ட நனைந்தே இருக்கிறதே, அந்த ஈரத்தில் கேபிள் இழுத்த லைட்மேன்களை நினைத்துக்கொள்கிறேன். ஈரத் தரையில் வேலை பார்ப்பது என்னவென்று நாங்கள் அறிவோம்.

ஐஸ்லாந்து யூனிட்டுக்கும் நன்றி. 2004 மார்ச்சில் ஸ்வீனாஃபெல்ஸ்யோகுல் பனியாற்றில்தான் படப்பிடிப்பு தொடங்கியது. உறைந்த ஏரியின் மேல் பேலும் லியாம் நீசனும் வாள் வீசும்போது காலுக்கடியில் பனி விரிசல் விட்ட சத்தம் கேட்டதாக பேல் பின்னாளில் சொன்னார். அந்த நிலத்தில் செட் சாமான் சுமந்தவர்கள் பெயர்கள் எனக்குத் தெரிந்திருந்தால் ஒவ்வொன்றாக எழுதியிருப்பேன்.

ஒளிப்பதிவாளர் வாலி ஃபிஸ்டர் சாருக்கு அந்தப் படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. படத்துக்கு வந்த ஒரே பரிந்துரை அதுதான். கலை இயக்கத்துக்கும் வந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். இரண்டாவது யூனிட் வைக்காமல், கைப்பிடியைத் திருகும் சின்ன குளோஸ்-அப்பைக்கூட நோலனும் அவரும் தாங்களே எடுத்தார்கள். நாங்கள் செய்த பொருளை யாரோ அவசரத்தில் கிளிக்கிக்கொண்டு போவதற்கும், இயக்குநரே நின்று பார்த்து எடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. டபுள் நெகட்டிவ் நிறுவனத்துக் கிராபிக்ஸ் நண்பர்களே, சிகாகோக் கட்டடங்களை நேரில் போட்டோ எடுத்து கோதமுக்கு அஸ்திவாரமாக வைத்தீர்கள். கையால் செய்ததை மறைக்காமல் அதன் மேல் கட்டினீர்கள். அந்த மரியாதைக்கு நன்றி.

படத்தில் வேலை பார்க்காத ஒருவருக்கும் இந்த மடலில் இடம் வேண்டும். 1939-இல் பேட்மேன் முதன்முதலில் அச்சேறியபோது, விறைத்த இறக்கைக்குப் பதிலாக மேலங்கி, கண்ணை மட்டும் மறைக்கும் பட்டைக்குப் பதிலாகத் தலையை மூடும் முகமூடி, கையுறை என்றெல்லாம் யோசனை சொன்னவர் பில் ஃபிங்கர். ஹெமிங் மேடத்தின் பட்டறை தைத்த அத்தனைக்கும் மூலம் அவர் வாய்ச்சொல். 1974-இல் அவர் இறந்தபோது படைத்தவர் என்ற பெயர் ஓவியர் பாப் கேனுக்கு மட்டுமே இருந்தது. இந்தப் படத்தின் டைட்டிலிலும் அப்படித்தான். அவர் குடும்பமும் நல்லெண்ணம் கொண்ட சிலரும் விடாமல் போராடியதால் 2015-இல்தான் அவர் பெயரும் சேர்ந்தது. ஃபிங்கர் ஐயா, தாமதமாக வந்த இந்த நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொரு பெயர், கான்வே விக்லிஃப். அடுத்த படமான 'தி டார்க் நைட்' தயாரிப்பில், 2007 செப்டம்பரில் ஸ்டண்ட் ஒத்திகையின்போது விபத்தில் உயிரிழந்த ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் கலைஞர். அந்தப் படத்தின் முடிவில் அதில் ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜரின் பெயரோடு அவர் பெயரும் சமர்ப்பணமாக வருகிறது. உயரத்தில் நின்று, மின்சாரத்தோடும் நெருப்போடும் வேலை பார்க்கும் எங்கள் ஊர் யூனிட் ஆட்கள் சார்பாகவும் அவருக்கு என் அஞ்சலி.

கடைசியாக உள்ளூரில் இரண்டு பேர். மேக்கிங் டிவிடியை இரவல் கொடுத்துவிட்டு இன்றுவரை திருப்பிக் கேட்காத நண்பா, அது இப்போது எங்கள் பட்டறைச் சொத்து. புதிதாக வரும் பையன்களுக்குக் குகை வேலையை அதில்தான் போட்டுக் காட்டுகிறேன். அப்புறம் எங்கள் மேஸ்திரி. ஆங்கிலம் ஒரு சொல் தெரியாமல், அந்த டிவிடியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்து, "இதை நாமளும் எடுக்கலாம் தம்பி, சிலிகான் மட்டும் நல்லதா வாங்கிக் குடு" என்று சொன்னவர். நல்லதாக வாங்கிக் கொடுத்தேன், எடுத்துக் கொடுத்தார். ரொம்ப நன்றி அண்ணே.

என்றும் நன்றியுடன்,
சென்னையிலிருந்து ஒரு ஆர்ட் அசிஸ்டெண்ட்